சவள் பிடிப்பவன்



இராயப்பர் மீன்பிடிக்கப் போவதாகச் சொன்னபோது, கூட இருந்த சீடர் ஆறு பேரும் தாங்களும் வருவதாகச் சொல்லிப் படகில் ஏறினார்கள் என்று அருளப்பர் தம் நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். இந்த ஆறு பேரைப் பற்றி நாம் எப்போதாவது பிரசங்கம் கேட்டதுண்டா? பிடிபட்ட 153 மீனைப் பற்றி எத்தனையோ கேட்டாயிற்று. நானே இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறேன். ஆண்டவரை மூன்று முறை மறுதலித்த வெட்கம் இன்னும் தீராத மனிதன் பழைய வலையைத் தேடிப் போகிறான். அவனைத் தனியே விட மனமில்லாமல் ஆறு பேர் கூடப் போகிறார்கள். அவர்களில் இருவருக்குப் பெயர்கூடக் கொடுக்கப்படவில்லை. அன்று இரவு முழுவதும் படகில் அவர்கள் என்ன பேசினார்கள்? நற்செய்தியாளர் அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

இந்த மௌனத்தின் பொருளை நான் குருமடத்தில் படிக்கவில்லை. தன்னாமுனை வாவியில்தான் படித்தேன்.

தன்னாமுனையில் எனக்கு ஒரு நண்பன் உண்டு. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாங்கள். வாவிதான் அவனுக்குத் தொழில். ஆட்கள் முன்னால் என்னைப் "பாதர்" என்பான். தனியே என்றால் "மச்சான்". 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கென்று நாவலடிக்கு உறவினர் வீடு போயிருந்த அவனுடைய தாயும் தங்கையும் திரும்பி வரவில்லை. தாயின் உடல் கிடைத்தது. பதினாறு வயதுத் தங்கை கிடைக்கவேயில்லை. அதற்குப் பிறகு நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு அவன் வருவதில்லை. மனைவி பிள்ளைகளைப் புனித சூசையப்பர் கோயில் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு, தோணிக்குப் போய்விடுவான்.

நான் புதுக் குருவாயிருந்த காலத்தில் அவனைத் தேடிப் போய், எல்லாம் கடவுளின் திட்டம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டேயிருந்தான். அதன் பின் நாலைந்து வருடம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குற்றம் என்னுடையது. உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருக்கலாம். நத்தார் விருந்தில் அவரைச் சூழ்ந்துகொண்டு, 'இன்னுமா மறக்கவில்லை?' என்று கேட்பவர்கள் கெட்டவர்களல்லர். என்னைப் போல அவசரக்காரர்கள்.

சென்ற வருடம் டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள். விடியுமுன் தோணியடிக்குப் போய், நானும் வரட்டுமா என்று கேட்டேன். "கதைக்காம வாறதெண்டா வா மச்சான்" என்றான்.

நல்ல குளிர். 'மட்டக்களப்பில் குளிரா!' என்று நுவரெலியாக்காரர் சிரிப்பார்கள். வெள்ளைக்காரர் 1880களில் அங்கே கொண்டுவந்து விட்ட ட்ரவுட் மீனுக்குக் குளிர்ந்த ஓடை நீர் இல்லாமல் வாழ்வில்லை. இருந்தாலும் ஈரச் சட்டையில் வாடைக்காற்று அடித்துப் பாருங்கள்! அந்த ட்ரவுட்டை அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்து ஆறுகளில் பிடிக்கும் முறையைப் பற்றிப் படித்திருக்கிறேன். தட்டை அடியுள்ள படகை நீரோட்டத்தில் விட்டு, ஒருவர் துடுப்பை எதிர்த்து வலித்து, நீரைவிடப் படகு மெதுவாய்ப் போகும்படி தடுத்துக்கொண்டிருப்பார். மற்றவர் தூண்டில் எறிவார். துடுப்புக்காரர் கைக்கு மீன் கிடையாது.

எங்கள் தோணியிலும் அதே ஏற்பாடுதான். உன்னிச்சைப் பக்கத்து வெள்ளம் இறங்கி, முகத்துவாரம் திறந்திருந்த நாட்கள். கலங்கிய நீர் பாலமீன்மடுப் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவன் அணியத்தில் வீச்சுவலையோடு நின்றான். பின்னால் நான், சவளோடு. வலை கையை விட்டுப் போகும் நேரத்தில் தோணி திரும்பக் கூடாது. என் பிழையால் இரண்டு முறை திரும்பிற்று. வலை விரியாமல் மடிந்து விழுந்தது. "பிடி மச்சான், பிடி" என்றானேயல்லாமல் வேறு குறை சொல்லவில்லை. இரண்டு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. சவள் பிடிப்பவனுக்கு முன்னால் நிற்பவனின் முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. ஓரிடத்தில் அவன் வலையை எறியாமல் கையில் வைத்தபடி வெகுநேரம் நின்றான். நான் எதையும் கேட்கவில்லை. தோணியை மட்டும் நகராமல் பிடித்துக்கொண்டேன்.

பாடும்மீனைக் கேட்பதற்காகத் துடுப்பை நீரில் விட்டு, அதன் மறுநுனியில் காதை வைத்துக் காத்திருக்கும் ஊர் நம்முடையது. யேசு சபை லாங் அடிகளார் 1950களில் அந்த ஓசையை ஒலிப்பதிவே செய்தார். மீனுக்குக் கொடுக்கும் அந்தப் பொறுமையை நாம் மனிதருக்குக் கொடுக்கிறோமா?

மூன்று மணலை மீனும் ஒரு பிடி இறாலும்தான் அகப்பட்டன. கரையில் சிரட்டையை எரித்துத் தணலாக்கி மீனைச் சுட்டான். அப்போது குருமடத்தில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. இரண்டும் அருளப்பர் எழுதியவை. குளிராயிருந்த இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் எரிந்த நெருப்பு ஒன்று. இராயப்பர் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்தது அதனருகில். மற்றது, உயிர்த்த ஆண்டவர் கரையில் மூட்டியது. காயம்பட்ட இடம் போன்ற ஓரிடத்துக்கே அவரை அழைக்கிறார் ஆண்டவர். ஆனால் உடனே கேள்வி கேட்கவில்லை. சுட்ட மீனும் அப்பமும் கொடுக்கிறார். அன்பு செய்கிறாயா என்ற கேள்வி, சாப்பிட்டு முடிந்த பிறகுதான் வருகிறது.

நண்பன் தணலைப் பார்த்தபடியே சொன்னான்: "தங்கச்சிக்கு மணலையெண்டா உசிர் மச்சான். முள்ளெடுத்துக் குடுக்கோணும். மறுகா, பதினாறு வயசிலயும் நான்தான் எடுத்துக் குடுக்கிறது."

இத்தனை வருடத்தில் அவன் அவளைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை. உயிர்ப்பைப் பற்றிய நல்ல வாக்கியம் ஒன்று என் நாக்கின் நுனியில் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, என் பங்கு மீனில் முள்ளை எடுத்து, ஒரு துண்டை அவன் பக்கம் தள்ளினேன். எடுத்துச் சாப்பிட்டான்.

இந்த நத்தார்ப் பூசைக்கு அவன் வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 28ஆம் திகதி விடியற்காலை நாலரைக்குத் தோணியடிக்கு வரும்படி சொல்லியனுப்பியிருக்கிறான். இம்முறை கையில் துணி சுற்றிக்கொண்டு வரவேண்டுமாம்.