கட்டியவன் கடன்

ஒரு காரியம் தகாதது என்று தெரிந்திருந்தும் அதைச் செய்யத் துணிகிறவனுக்கு, அதை இன்ன முறையில்தான் செய்ய வேண்டும் என்ற கடமை ஒன்று உண்டா? உண்டு என்றால், அதைச் செவ்வனே நிறைவேற்றியவன் தன் பாவத்தில் ஒரு பங்கையாவது கழித்துக்கொண்டவன் ஆவானா? யுத்தத்தையும் ராஜதண்டனையையும் முன்னிட்டுப் பெரியோர் பலர் ஆராய்ந்த கேள்விதான் இது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அவற்றுக்கு முன் நிற்கவும் கூசக்கூடிய ஓர் அற்பப் பொருளை: வட அமெரிக்காவில் நரி, ஓநாய், ஓநாயின் சிறிய உறவான கொயோட்டி முதலிய பிராணிகளைக் காற்பொறி வைத்துப் பிடிக்கிறவர்கள், அந்தப் பொறியை மண்ணோடு பிணைத்து வைக்க உபயோகிக்கும் கம்பிவட நங்கூரம்.

பார்வைக்கு அதில் பெரிதாக ஒன்றுமில்லை. விரல் நீளத்திற்கு ஓர் இரும்புத் தலை. அதன் இடுப்பில், மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த ஒரு வடம். வடத்தின் மேல்முனை வளையமாக மடிக்கப்பட்டு, ஓர் உலோக வளையால் நசுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். தலையில் நீண்ட இரும்புக் கோல் ஒன்றைப் பொருத்தி, சம்மட்டியால் ஒன்றரை அடி இரண்டடி ஆழத்திற்கு அடித்து இறக்கிக் கோலை உருவிக்கொண்டு, வடத்தை மேல்நோக்கி ஓங்கி இழுத்தால், நெட்டுக்குத்தாக இறங்கிய தலை மண்ணுக்குள்ளேயே குறுக்கே புரண்டு பிடித்துக்கொள்ளும். மேலே தெரிவது வளையம் ஒன்றுதான். பொறியின் சங்கிலியை அதில் மாட்டுவார்கள்.

முன்பு பலரும் அடித்துவந்த இரும்பு முளைக்கும் இதற்கும் உள்ள பேதம், பிராணி பிடிபட்ட பிறகுதான் வெளிப்படுகிறது. காலைக் கவ்விக்கொண்ட பொறியோடு அது சங்கிலியின் நீளத்திற்குச் சுற்றிச் சுற்றி வந்து, கைக்கெட்டிய மண்ணையெல்லாம் பிறாண்டி, வட்டமாக ஒரு பள்ளத்தையே பறித்துவிடும். விறைத்து நிற்கும் முளை அந்தச் சுற்றலில் அசைந்து அசைந்து, தான் நிற்கும் துளையைத் தானே அகலமாக்கிக்கொண்டு, கடைசியில் பல் பிடுங்கினாற்போல் வெளியே வந்துவிடும். வடமோ இழுத்த பக்கமெல்லாம் வளைந்துகொடுப்பதால், எந்தத் திசையில் இழுத்தாலும் அந்த விசை கீழே குறுக்கே கிடக்கும் தலைக்கே போய்ச் சேருகிறது; அதன் மேலுள்ள மண் முழுவதும் அதற்குத் துணை நிற்கிறது.

ஆகையால் நங்கூரத்தைத் தேர்வது முதலில் மண்ணைத் தேர்வதுதான். களிமண்ணில் சிறிய தலையே போதும். மணலில் அதே தலை சேற்றில் ஓடும் கத்தியைப்போல் வழுக்கி வந்துவிடுமாதலால், அகன்ற தலையும் நீண்ட வடமும் வேண்டும். கல் மலிந்த நிலத்தில் இதை அடிப்பது கடினம். சுமார் பதினைந்து கிலோ எடையுள்ள கொயோட்டிக்குப் போதுமான வடம், நாற்பது கிலோ ஓநாய்க்குப் போதாது. வடம் முறுக்கேறி இழை இழையாக அறுந்துபோகாமலிருக்க, சங்கிலியில் தடையின்றிச் சுழலும் கண்ணி ஒன்றாவது இருக்க வேண்டும். அனுபவசாலிகள் முதலில் சந்தேகிப்பது தலையையோ வடத்தையோ அல்ல. அந்த நசுக்கிப் பூட்டிய இடத்தை.

இவ்வளவு கவனமும் எதற்கு? பிடுங்கிக்கொண்டு போகும் பிராணி விடுதலை அடைவதில்லை. காலில் பொறி, பொறியில் சங்கிலி, சங்கிலியின் நுனியில் அறுந்த வடம் என்ற கோலத்தில் அது காட்டுக்குள் மறைந்து, வேட்டையாடவும் ஓடவும் சக்தியற்று, புண் அழுகியோ பட்டினியாலோ பல நாட்களில் சாகிறது. கவனமின்றி அடித்த நங்கூரம் ஒரு துரிதமான மரணத்தை ஒரு நீண்ட மரணமாக மாற்றிவிடுகிறது. பொறி வைத்தவனுக்கும் நஷ்டம்தான், தோலும் போயிற்று, பொறியும் போயிற்று. அவனுடைய லாபமும் பிராணியின் க்ஷேமமும் ஒரே திசையில் போகும் இடம் இது. அதனாலேயே, நல்ல நங்கூரத்தை வாங்கினான் என்பதைக்கொண்டு அவன் மனத்தில் கருணை இருந்தது என்று நாம் முடிவு கட்டிவிட இயலாது.

இந்தத் தொழிலின் சரித்திரத்தில் சமயத்திற்கும் ஒரு விசித்திரமான இடம் உண்டு. நியூயார்க் மாகாணத்தில் 1848ல் ஜான் ஹம்ஃப்ரி நாய்ஸ் என்பவர் ஸ்தாபித்த ஒனைடா சமூகத்தார், கிறிஸ்துவின் இரண்டாம் வருகை முதல் நூற்றாண்டிலேயே நிகழ்ந்தேறிவிட்டது என்றும், ஆதலால் பாவமற்ற வாழ்வை மனிதன் இவ்வுலகிலேயே எய்தலாம் என்றும் நம்பியவர்கள். சொத்தைப் பொதுவாக வைத்து, ஒருவர் குறையை மற்றவர் எதிரிலேயே எடுத்துரைத்துத் திருத்திக்கொண்ட அந்தப் பூரணத்துவவாதிகள் பிழைத்தது எதனால் என்று பார்த்தால், ஸூவெல் நியூஹவுஸ் என்ற கைதேர்ந்த கம்மியர் அவர்களோடு சேர்ந்தபோது கொண்டுவந்த எஃகுப் பொறித் தொழிலால். பொறி வைப்போருக்கு வழிகாட்டியாக 1865ல் அவர்கள் ஒரு நூலும் வெளியிட்டார்கள். பலமான மிருகத்தை அசையாத பொருளோடு கட்டினால் அது பொறியை உடைத்துவிடும் அல்லது தன்னைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆகவே இழுத்துச் செல்லக்கூடிய, ஆனால் தொலைதூரம் போகவிடாத ஒரு மரக்கட்டையோடு சங்கிலியைப் பிணை என்பது அதில் காணும் உபதேசங்களுள் ஒன்று. பாவமின்மையைப் பற்றி ஓயாமல் சிந்தித்தவர்கள் பிணைப்பின் வலிமையைப் பற்றியும் சிந்தித்தார்கள். இரண்டு சிந்தனைகளும் அவர்கள் உள்ளத்தில் எங்கேனும் சந்தித்தனவா என்று எண்ணும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வயிற்றுப் பிழைப்பையும் பரமார்த்தத்தையும் வேறுவேறு அறைகளில் வைத்திருப்பது அவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

இனிக் கேள்விக்கு வருவோம். 1984ல் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஒரு புதிரைப் போட்டார். கொலை செய்யலாகாது என்பது விதி. கொலை செய்வதாயின் நோகாமல் செய் என்பதையும் யாரும் மறுக்கமாட்டார்கள். ஒருவன் கொலை செய்தே தீருவான் என்று வைத்துக்கொண்டால், அவன் நோகாமல் கொல்லக் கடமைப்பட்டவன். நோகாமல் கொல்லுவதும் கொல்லுவதே. ஆகவே அவன் கொல்லக் கடமைப்பட்டவன் என்று தர்க்கம் நம்மை ஒரு படுகுழியில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. நங்கூரக்காரன் விஷயமும் இதுவே. உறுதியாகக் கட்டு என்று நாம் சொன்ன மாத்திரத்தில், கட்டு என்று அனுமதித்தவர்கள் ஆகிவிடுகிறோமா?

வேத வாக்கியங்களின் பொருளை ஆராய்ந்த நம் நாட்டு மீமாம்ஸகர்கள் இந்தக் குழியை வெகுகாலத்திற்கு முன்பே கண்டு, அதைச் சுற்றிக்கொண்டு போக வழியும் கண்டிருந்தார்கள். சத்துருவை நாசம் செய்ய விரும்புகிறவனுக்கு வேதம் சியேனம் என்ற யாகத்தைச் சொல்லுகிறது. ஹிம்சை கூடாது என்றும் அதே வேதம் சொல்லுகிறது. வேதம் ஹிம்சையைச் செய் என்று ஏவவில்லை, அதை விரும்புகிறவனுக்கு உபாயம் இது என்று மட்டும் தெரிவிக்கிறது என்பது மீமாம்ஸா பாஷ்யகாரரான சபரருடைய சமாதானம். விருப்பத்தை விதி உண்டாக்கவில்லை. விருப்பம் அவனுடையது, அதன் பயனும் அவனுடையது. எனக்கு இந்தச் சமாதானம் பொருத்தமாகவே தோன்றுகிறது. கட்டுவதானால் உறுதியாகக் கட்டு என்கிறவன் கட்டச் சொல்லவில்லை. உறுதியாகக் கட்டியவனும் கட்டிய பழியிலிருந்து தப்பவில்லை. முறை தவறினால் இரண்டாவதாக ஒரு குற்றம் சேருகிறது. முறை தவறாவிட்டால் அந்த இரண்டாவது மட்டும் சேராமல் நிற்கிறது. முதலாவது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆனால் இதனோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பதை ஜைனர்களிடம் போனால் தெரிந்துகொள்ளலாம். உமாஸ்வாதி இயற்றிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தானுடைய அஹிம்சா விரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்கள், அதாவது மீறல்கள், கூறப்படுகின்றன: கட்டுதல், அடித்தல், அங்கத்தைச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், அன்னபானத்தைத் தடுத்தல். வேட்டையாடுகிறவனை இந்தப் பட்டியல் கருதவே இல்லை. அவனிடம் குறைபடுவதற்கு விரதமே கிடையாது. மாட்டையும் கன்றையும் வைத்து வாழும் கிருஹஸ்தனுக்குச் சொன்னது இது. இருந்தும், கட்டுவதில் தொடங்கி உணவையும் நீரையும் தடுப்பதில் முடியும் அந்த வரிசையைப் படிக்கும்போது, காற்பொறியைத் தவிர வேறெதுவும் என் நினைவுக்கு வருவதில்லை. துப்பாக்கியால் சுடப்பட்ட நரி செத்தோ பிழைத்தோ தன் வசத்திலேயே இருக்கிறது. பொறி மூடிய கணத்திலிருந்து கட்டியவன் திரும்பி வரும் கணம் வரையில், யாரையும் நம்பாமல் தன் இரையைத் தானே தேடித் திரிந்த அந்த ஜீவன், தாகத்திற்கும் பசிக்கும் பனிக்கும் இன்னொருவன் வரவையே எதிர்பார்க்க வேண்டிய ஒரு வளர்ப்புப் பிராணியின் ஸ்திதிக்கு வந்துவிடுகிறது. அதைப் பூர்த்தியாக்குவதே நங்கூரத்தின் வேலை.

அப்படித் தன் வரவை எதிர்பார்க்க வைத்தவன், உரிய வேளைக்கு அதனிடம் திரும்பிப் போகக் கடன்பட்டவன். கொல்லும் எண்ணத்தால் வருகிற கடனன்று இது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாகாணத்து வனங்களில் ஓநாய்களை ஆராய்ந்த டேவிட் மீச் போன்ற விஞ்ஞானிகளும் காற்பொறியாலேயே அவற்றைப் பிடித்து, கழுத்தில் ரேடியோப் பட்டை பூட்டி, மீண்டும் காட்டில் விட்டார்கள். உயிரோடு விடப்போகிறவனுக்கும் பொறியருகே உரிய வேளைக்குப் போய்ச் சேரவேண்டிய கடமை குறைவதில்லை. கட்டினாய், ஆகவே போ என்பதே அதன் காரணம்; எதற்காகக் கட்டினாய் என்பது அங்கே கேள்வி இல்லை.

1991ல் ஐரோப்பியர் காற்பொறிக்குத் தடை விதித்துச் சட்டம் இயற்றியதும், 1990களின் பிற்பகுதியில் கனடாவும் ரஷ்யாவும் அவர்களோடு பொறிகளின் தரம் குறித்து உடன்படிக்கை செய்துகொண்டதும், பொறி எலும்பை முறிக்கிறதா, சதையைக் கிழிக்கிறதா என்பன போன்ற வினாக்களைப் பெரிதும் முன்னே கொண்டுவந்தன. அவை நல்ல வினாக்களே. ஆனால் கட்டியவன் வரும் நேரம் பற்றி அமெரிக்க மாகாணங்கள் வெவ்வேறு விதமாகச் சட்டம் வைத்திருக்கின்றன. பல மாகாணங்கள் நாளுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்ல, சில இரண்டு நாள், மூன்று நாள், அதற்கு மேலும் இடங்கொடுக்கின்றன. இங்கேதான் லாபமும் கருணையும் பிரிகின்றன. மரக்கட்டையோடு சங்கிலியைப் பிணைத்த பழைய காலத்து மனிதன், இரவில் புதுப்பனி விழுந்தால் இழுத்துப் போன தடம் மறைந்துவிடுமே என்று பயந்தாவது விடியற்காலையில் புறப்பட்டான். உறுதியான நங்கூரத்தை அடித்தவனுக்கு அந்தப் பயம் இல்லை. பிராணி எங்கும் போகாது, குளிரில் தோலும் கெடாது, நாளை மறுநாள் போனாலும் அது அங்கேயே இருக்கும். எந்த மண்ணுக்கு எந்தத் தலை என்று நுட்பமாக ஆராயும் ஒருவனிடம் நான் கேட்க விரும்புவது, நீ எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை போகிறாய் என்பதை. சட்டம் மூன்று நாள் தருகிறது என்று அவன் சொன்னால், அவன் தேர்ந்தெடுத்த நங்கூரம் எவ்வளவு சிறந்ததாயினும், அதைப் பிராணியின் பொருட்டுத் தேர்ந்தெடுத்ததாக நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.