ஏலம் விடுபவர் அறிந்ததும் மறைத்ததும்

கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தை, ரமணாசிரமம் பகுதியில் வாழும் எம்போன்றோர்க்குப் பழகிய காட்சி. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரிடம் முதலில் கேட்கப்படுவது கறவையைப் பற்றியே. பாலைக் கறவாமல் மடியைப் பெருக்கவிட்டு விற்பது மிகப் பழைய தந்திரம். அப்படிப்பட்ட பிராணியை ஹதீஸ் நூல்கள் ‘முஸர்ராத்’ என்கின்றன. வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். கறந்த பாலுக்கீடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழமும் தரவேண்டும். ஏமாற்றியவனுக்குரிய பாலின் கணக்கையும் மார்க்கம் விடவில்லை!

இதே வித்தை காகிதத்திலும் நடந்தது. 1909 முதல் 1911 வரை அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் வைத்து வழங்கப்பட்ட பட அட்டைகளுள் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை மிக அரியது. அட்டைகளின் மூலையும் ஓரமும் பார்த்து மதிப்பெண் இட்டு, உறையில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் அங்குண்டு. ஒரு வாக்னர் அட்டை பத்துக்கு எட்டுப் பெற்று, 2007இல் 28 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதாக ஏல நிறுவன அதிபர் வில்லியம் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். பொய்க் கேள்வி எழுப்பி விலையேற்றிய குற்றமும் (ஃபிக்ஹில் இது ‘நஜ்ஷ்’) சேர்ந்து, 2015இல் 20 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

வெட்டியவன் குற்றவாளி என்பதில் வழக்கில்லை. தாம் வெட்டாமல், வெட்டப்பட்டிருக்குமோ என்று ஐயுறும் ஏலதாரரின் நிலை என்ன? ‘தரமிட்டவர் வேறு, உள்ளது உள்ளபடி விற்கிறேன்’ என்பார் அவர்.

இப்னு உமர் (ரலி) அவர்களும் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையுடன் ஓர் அடிமையை 800 திர்ஹமுக்கு விற்றார்கள். வாங்கியவர் நோயுண்டென முறையிட்டார். அறிந்து மறைக்கவில்லையெனச் சத்தியம் செய்யுமாறு கலீஃபா உஸ்மான் (ரலி) தீர்ப்பளிக்க, இப்னு உமர் மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக ‘முவத்தா’ கூறுகிறது. நிபந்தனை இருந்தும், விற்றவர் அறிந்திருந்தாரா என்பதே அங்கு வினவப்பட்டது. சான்றிதழும் அவ்வாறே: தரமிட்டவர் கண்டதை அது சொல்லும், ஏலதாரர் அறிந்ததைச் சொல்லாது. விலை உயர உயர அவருடைய கமிஷனும் உயர்கிறது. மௌனத்திற்கு அதுவே கூலி.

ஆயினும், போட்டியாளர் கிளப்பிய வதந்தியை நம்பிப் பொருளைப் பழித்தால் உடையவருக்கு அநீதியாகுமே? ஆகும். எனவே ஐயத்தை முதலில் உடையவரிடம் தெரிவித்து, முத்திரையைப் பிரித்து வேறொருவர் சோதிக்க இசைவு கேட்கவேண்டும். அவர் இசையாவிடில், அந்த அட்டையை ஏலப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுதல் ஏலதாரரின் கடமை.