ஒடிப்பதா? சுத்தம்பண்ணுவதா?



போன ஆடிக்காற்றில் எங்கள் வீட்டு முருங்கையின் கொப்பு ஒன்று முறிந்து, அடுத்த வீட்டு ஓட்டுக்கூரைமேல் விழுந்தது. நாலு ஓடு உடைந்தது. ஆளுக்குச் சேதமில்லை, ஸ்தோத்திரம். அந்த வீட்டு அம்மா கோபப்படவில்லை. "பாஸ்டர், முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பழமொழியை நீதிமொழிகள் 13:24-ஓடு சேர்த்து நானே பிரசங்கித்திருக்கிறேன். வீட்டிலும் செய்தேன். என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது மார்க்கு விஷயத்தில் பொய் சொன்னான். பெல்ட்டால் அடித்தேன். சிட்சை என்று அதற்குப் பேர் வைத்தேன். உண்மை என்னவென்றால், அன்றைக்கு வேலை செய்த இடத்தில் மேலாளரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன். இப்போது அவனுக்கு வயது 19. என்னிடம் நேராகப் பேசமாட்டான். "அப்பாவ சாப்பிட வரச் சொல்லுங்கம்மா" என்பான், நான் பக்கத்தில் இருக்கும்போதே.

ஆகவே இந்தக் கேள்வியை அந்த மரத்தடியிலேயே நின்று யோசித்தேன். பழமொழியின் முதல் பாதி மெய்தான். முருங்கை மெத்தென்ற மரம். சீக்கிரம் வளரும், சீக்கிரம் முறியும். விட்டுவிட்டால் நெடுநெடுவென்று மேலே போய், காய் எட்டாத உச்சியில் தொங்கும். வெட்டினால் பக்கத்தில் கிளைக்கும். பெரியகுளத்தில் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.1 செடிமுருங்கையைக்கூட, காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 3 அடி விட்டு வெட்டிவிடச் சொல்கிறார்கள். நாலைந்து மாதத்தில் மறுபடி காய்க்கும். பட்டைக்குள் தூங்குகிற மொட்டை அந்த வெட்டு எழுப்பிவிடுகிறது.

பிள்ளைக்குள் அடி எதை எழுப்புகிறது? என் வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். மகன் பொய்யை விடவில்லை. பிடிபடாமல் சொல்லக் கற்றுக்கொண்டான். இன்னொன்று, முருங்கையை வெட்டுகிறவன் முருங்கைமேல் கோபமாயிருப்பதில்லை. காய் முடியட்டும் என்று காத்திருக்கிறான், எங்கே வெட்டலாம் என்று பார்க்கிறான். நான் எதைப் பார்த்தேன்?

"அப்படியானால் 13:24-ஐ தள்ளிவிடுகிறீரோ?" என்று சில சகோதரர் கேட்பீர்கள். தள்ளவில்லை. திருத்தாமல் விடுவதும் அன்பல்ல; உடைந்த நாலு ஓடே சாட்சி. ஆனால் பிள்ளைகளைக் கோபப்படுத்தாதபடி தகப்பன்மாருக்கு எபேசியர் 6:4-இல் பவுல் எழுதியதும் அதே வேதம்தானே? அதை நான் பிரசங்கித்ததே இல்லை. யோவான் 15:2-இல் கனி கொடுக்கிற கொடிக்குத் தகப்பன் செய்வதைத் தமிழில் 'சுத்தம்பண்ணுதல்' என்றுதான் போட்டிருக்கிறது. கிரேக்கச் சொல்லுக்கும் அதே பொருள். வேதாகமக் கல்லூரிப் பரீட்சையில் இதை எழுதி நல்ல மார்க்கு வாங்கியவன் நான்! 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைத் தடை செய்தது. சட்டத்துக்கு வந்த இரக்கம் வீட்டுக்குள் எனக்கு வரவில்லையே என்று வெட்கப்பட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அரிவாளோடு நின்றேன். முருங்கையில் ஏற முடியாது, ஏணிதான். மகன் தானாக வந்தான், கையில் ரம்பம். "அரிவாள்ல வெட்டினா தோல் உரிஞ்சு அடிவரைக்கும் கிழியும். கீழ கொஞ்சம் அறுத்துட்டு அப்புறம் மேல அறுக்கணும்" என்றான். என்னைப் பார்த்துச் சொன்னான்! எங்கே கற்றானோ தெரியாது. மூன்று கொப்புகளை நிதானமாய் அறுத்து இறக்கினான். மழைத்தண்ணீர் இறங்கி அழுகாதபடி வெட்டுவாயில் சாணியை அப்பினான். காயத்துக்கு மருந்து போடுகிற மாதிரி இருந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

"தம்பி, அன்னைக்கு நான் அடிச்சது தப்புப்பா. உன் தப்புக்காக அடிக்கல. என் கோபத்துல அடிச்சேன். மன்னிச்சுக்கோ" என்றேன்.

அவன் வெகுநேரம் சாணியையே தடவிக்கொண்டிருந்தான். பிறகு, திரும்பாமலே, "ஏணி ஆடுது. கெட்டியா பிடிச்சுக்குங்கப்பா" என்றான்.

பிடித்துக்கொண்டேன்.