பாதை எனும் சொல்

மகாவலி 335 கிலோமீற்றர் நடந்து வந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. அருகே, உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. இந்த ஆழத்தை எவரும் தோண்டியதில்லை. ஆயினும் உரிமை கோராத வல்லரசு இல்லை. பிரித்தானியர் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை நிறுவினர். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. தாங்கிகள் மட்டும் புதிய விருந்தினருக்காகக் காத்தே நின்றன. 2022 ஜனவரியில் அவற்றுள் 61ஐ நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கை நிறுவனமும் கூட்டாக நடத்த உடன்பட்டன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் சேர்ந்து, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டன.

வணிகத்துக்கு நாம் பகைவரல்லோம். கப்பல் வந்தாற்றான் துறைமுகத் தொழிலாளியின் அடுப்பு எரியும். நாம் கேட்பது வேறொன்று. சர்வதேச வழித்தடம் என்னும்போது அதன் இரு முனைகளின் பெயர்களே ஒலிக்கின்றன. இடையில் வாழ்பவன் வழியைப் பயன்படுத்தும் மனிதனா, அல்லது பிறர் கடந்துபோகும் வெறும் நிலமா?

நம் கிழக்கிலே ஆற்றையும் களப்பையும் கடக்க உதவும் மிதவைக்கே 'பாதை' என்று பெயர். அழகான சொல்தான், அதன் பின்னேயுள்ள வறுமை அழகன்று. போர்க்கப்பற் கூட்டங்கள் தங்கிய குடாவின் கரையிலே, மூதூருக்குப் போகிறவன் தலைமுறை தலைமுறையாகப் பாதைக்குக் காத்துநின்றான். கிண்ணியாப் பாலம் 2009இலும் அதற்கப்பாலுள்ள கங்கைப் பாலம் 2011இலுமே திறக்கப்பட்டன. போர் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் போருக்கு முந்திய ஆண்டுகளும் உண்டல்லவா?

2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில், பாலவேலை முடியாதிருந்த வேளையில், அத்தகைய மிதவையொன்று கவிழ்ந்தது. பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். சீனன்குடாத் தாங்கிகள் அவ்விடத்திலிருந்து வெகு தொலைவில் இல்லை.

பெருந்துறை செழித்தாற் சிறுதுறையும் தானே செழிக்கும் என்பர் சிலர். தானே என்ற அச்சொல்லைத்தான் நாம் நம்ப மறுக்கிறோம். கடலாழம் கண்ட கண்கள் ஆற்றின் அகலத்தைக் காணவில்லையே! அடுத்த ஒப்பந்தத்தை வரைவோர் தாங்கிகளை எண்ணியவாறே கடவைகளையும் எண்ணட்டும்: எங்கே பாலமில்லை, எத்தனை பிள்ளைகள் மிதவையேறுகின்றனர், துறைமுக வருவாயில் எத்தனை ரூபாய் அங்கே செல்லும் என்பவை கையெழுத்துக்கு முன்னரே எழுதப்படட்டும்.