மறைப்பு வேறு, அழிவு வேறு



அறிவு ஆன்மாவின் இயல்பு. வெளியிலிருந்து வந்து சேர்ந்ததன்று. ஞானாவரணீய கர்மம் அவ்வறிவை மறைக்குமேயன்றி அழிக்காது. மேகம் கதிரவனை மறைக்கலாம், இல்லாததாக்க இயலுமோ? நம் இல்லத்து முதியோர்க்கு நினைவு தளரும்போது இவ்வுண்மையை முதற்கண் உள்ளத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மதிஞானத்தின் படிகளைத் தத்துவார்த்த சூத்திரம் நான்காக வகுக்கிறது. பொருளைப் பொதுவாக உணர்தல் அவக்கிரகம். இன்னதோ என ஆராய்தல் ஈஹை. இன்னதே எனத் தெளிதல் அவாயம். தெளிந்ததை மறவாது தாங்குதல் தாரணை. முதுமையில் முதலில் தளர்வது பெரும்பாலும் இத்தாரணையே.

காரணம் யாது? புதிய செய்திகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கடற்குதிரை போன்ற வடிவால் வந்த பெயர் அது. திருவேட்டக்குடிக் கடலோரத்தில் வாழும் நமக்கு எளிதில் மனத்தில் நிற்கும். குழந்தைப் பருவத்தில் நரம்பணுக்களிடையே இணைப்புகள் மிகுதியாகத் தோன்றிப் பயன்படாதவை கழிகின்றன. முன்மூளை முதிர இருபத்தைந்து வயதளவாகிறது. முதுமையிலோ ஹிப்போகாம்பஸ் மெல்லச் சுருங்குகிறது. ஆதலின் நேற்றைய செய்தி நழுவினும் இளமையில் ஓதிய பஞ்சமந்திரம் நிலைத்து நிற்கிறது.

பயிற்சிக்கு மூளையும் இசைகிறது போலும். வேதத்தை மனனமாக ஓதும் 21 பண்டிதர்களின் மூளையை அரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் படமெடுத்து ஆராய்ந்தனர். அவர்தம் மூளையின் பல பகுதிகள் பிறரினும் செறிந்திருந்தமை 2016-இல் வெளியாயிற்று. 55 வயதைக் கடந்தோர் ஓராண்டு ஒழுங்காக நடைப்பயிற்சி செய்ததில் ஹிப்போகாம்பஸ் ஏறத்தாழ 2 விழுக்காடு பெருத்தது என 2011-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று.

நம் முன்னோர் இதனை அகத்தவமாகவே விதித்தனர். சுவாத்தியாயம் ஐவகை: படித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையின்றி ஓதுதல், பிறர்க்கு அறமுரைத்தல். ஒருமுறை கேட்டதை மாணவர் மறப்பர். தோழனுக்கு எடுத்துரைத்ததை மறவார். வகுப்பறையில் நாம் பல்லாண்டு கண்ட உண்மை இது.

மறதி வருமுன் செய்யத்தக்கது யாது என்பதற்குத் தரசேனாச்சாரியரே சான்று. கிர்நார் மலைக்குகையில் முதுமையுற்றிருந்த அப்பெருந்தகை, தம்மோடு சுருதம் மறைந்துவிடுமோ என்று கவன்று, புஷ்பதந்தர், பூதபலி என்னும் இருவரை வரவழைத்துக் கற்பித்தார் என்பது மரபு. அவர்களால் ஷட்கண்டாகமம் ஏட்டிலேறிற்று. அந்நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். இல்லந்தோறும் பாட்டியார் பாடும் துதிகளும், நோன்பு முறைகளும், குலவரலாறும் இவ்வாறே பேரப்பிள்ளைகளின் நாவிலும் குறிப்பேட்டிலும் ஏறுதல் வேண்டும்.

இனி நோயுற்றோர் நிலை. ஒரு பெயர் மறந்து சற்றுப்பின் நினைவுக்கு வருதல் முதுமையின் இயல்பு. பழகிய வழி மறத்தலும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டலும் நோயின் அறிகுறியாகலாம். நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழுபேர்க்கு மேல் மறதிநோய் உண்டென 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. புலால் மறுத்த நம்மவர்க்கு வைட்டமின் பி12 குறைவதுண்டு. அதனாலும் தைராய்டுக் குறையாலும் வரும் மறதி மருத்துவத்தால் சீர்படக்கூடும். ஆகவே, 'வயதாகிவிட்டது' என்று வாளாவிருத்தல் தகாது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுக.

பெற்ற மகனையே 'நீ யார்?' என்று தாய் வினவும் நாளும் வரலாம். அப்போது, 'இதுகூடத் தெரியவில்லையா?' என்று கடிதலும் சொல்லால் செய்யும் இம்சையே. 'உங்கள் மகன், அம்மா' என்று பத்தாம் முறையும் இன்முகத்தோடு கூறுவதே அகிம்சை. மாலையில் அவரருகே அமர்ந்து பஞ்சமந்திரத்தின் முதலடியை எடுத்துக் கொடுங்கள்; அடுத்த அடியை அவரே சொல்லக்கூடும். சொல்லாவிடினும் குறையில்லை. அவருள் இருப்பது மறைப்புண்ட அறிவுடைய ஆன்மாவே. அதனை மறவாதிருத்தல் நம் கடமை.

ஜினவறம் வளர்க!