உயிருக்கும் உயிரற்றதற்கும் எல்லை எங்கே?

கல்லுக்கு உயிர் இல்லை, புல்லுக்கு உயிர் உண்டு என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆனால் இவ்விரண்டையும் பிரிக்கும் எல்லை எங்கே உள்ளது என்று வினவினால் கற்றறிந்தோரும் சற்றே தயங்குவர்.

முன்னைய விஞ்ஞானிகள் அவ்வெல்லையைப் பொருள்களிலே தேடினர். உயிருடம்பில் உண்டாகும் பொருள்களை ஆக்குவதற்கு உயிர்ச்சக்தி ஒன்று வேண்டும் எனப் பலர் நம்பினர். எமது பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் சேதனம், அசேதனம் என்னும் பாகுபாடு அவ்வழி வந்ததே. ஆனால் 1828 ஆம் ஆண்டில் ஜேர்மனியரான வோலர், சிறுநீரிலுள்ள யூரியாவை எவ்வுடம்பின் துணையுமின்றி ஆய்வுகூடத்தில் ஆக்கிக் காட்டினார்.

அங்ஙனமாயின் எல்லை பொருளில் இல்லை, தொழிலிலேயே உள்ளது எனச் சிலர் கொண்டனர். மதுவம் என்னும் நுண்ணுயிர் சீனியை நொதிக்கச் செய்கிறது. உயிருள்ள கலமின்றி அது நிகழாது என்றார் பாஸ்டர். 1897 இல் புக்னர் என்பவர் மதுவத்தை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். உயிருள்ள கலம் இல்லாத அச்சாறும் சீனியை நொதிக்கச் செய்தது! இதற்காக 1907 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

"அப்படியானால் உயிர் வெறும் இரசாயனந்தானே?" என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. ஆனால் அதனால் உயிர் மலிவான பொருளாகிவிடாது. புக்னரின் சாறு சில நாட்களில் வலுவிழந்தது. உயிருள்ள மதுவமோ உணவை ஏற்று, தேய்ந்ததைப் புதுக்கி, தன்னைப் போல் இன்னொன்றையும் ஆக்குகிறது. அதனை அரைத்துச் சாறாக்குவது எளிது. அச்சாற்றிலிருந்து மீண்டும் ஒரு மதுவத்தை ஆக்கியவர் இன்றுவரை எவருமிலர். 2010 இல் அமெரிக்காவில் வென்ரர் குழுவினர் ஒரு பற்றீரியாவின் மரபுப்பொருள் முழுவதையும் செயற்கையாக ஆக்கினர். எனினும் அதனை இயங்கச் செய்ய, முன்னமே உயிரோடிருந்த இன்னொரு பற்றீரியாவினுள் இடவேண்டியிருந்தது.

ஆகவே இவ்வெல்லையில் எமக்குத் திறந்திருப்பது ஒரு வழிப் பாதையே. உயிருள்ளதை உயிரற்றதாக்க எம்மால் முடியும். திருப்பித் தர முடியாது.

எல்லை தெளிவாகத் தெரியாத இடங்களும் உண்டு. இஸ்ரேலிலுள்ள மசாடா கோட்டையின் இடிபாடுகளில் கிடைத்த, ஏறக்குறைய 2000 ஆண்டுகள் பழமையான பேரீச்சம் விதையொன்று 2005 இல் நடப்பட்டு முளைத்தது. உலர்ந்து கிடந்த நாளில் அதனைப் பார்த்தவர் உயிருள்ளது என்று சொல்லியிருப்பாரா? செத்த விதையென வீசியிருந்தால் அம்மரம் இல்லை.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய நெறி யாது? உண்ணாமல் எவரும் வாழ இயலாது. ஒவ்வொரு கவளமும் ஏதோ ஓர் உயிரின் கொடையே. ஆயினும் தேவைக்கு அழிப்பது வேறு, அலட்சியத்தால் அழிப்பது வேறு. வேலியோரத்து மரத்தில் கத்தி வைக்குமுன்னும், காலடியிற் செல்லும் புழுவை நசுக்குமுன்னும், "இதனை மீண்டும் ஆக்க என்னால் இயலுமா?" என்று ஒருகணம் எம்மையே கேட்போமாக. ஆக்கத் தெரியாத கைக்கு அடக்கமே அழகு.