எலும்பும் பதிவேடும்

தவளக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு வட துருவத்துப் பனியைப் பற்றி எழுதுவது அபத்தமாகப் படலாம். மார்கழிப் பனியைத் தவிர இங்கே வேறு பனி கிடையாது. ஆனால் கிழக்கே நடந்து போகும் தூரத்தில் கடல் இருக்கிறது. போனவன் திரும்பாமல் போவது என்றால் என்னவென்று நல்லவாட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாத்தியதையில் பேசுகிறேன்.

1845இல் ஜான் ஃப்ராங்க்ளின் தலைமையில் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்கள் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போயின. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கிங் வில்லியம் தீவில் சிதறிக் கிடந்த எலும்புகளில் சிலவற்றுக்கு இப்போதுதான் பெயர் கிடைத்துவருகிறது. 2021இல் ஜான் கிரகரி என்ற எஞ்சினியர். 2024இல் எரிபஸ் கப்பலின் காப்டன் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ். பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வை உயிரோடு இருக்கும் வம்சத்தாருடையதோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள். விஞ்ஞானத்தின் சாமர்த்தியத்தில் எனக்குச் சந்தேகமில்லை. இத்தனை காலம் கழித்து ஒரு தாடையெலும்புக்குப் பெயரைத் திருப்பித் தரும்போது நாம் யாருக்கு என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

செத்தவனுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் இருப்பவர்களின் திருப்திக்குத்தான் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்கிறவருக்கு நல்ல சாட்சியம்கூட உண்டு. அதே தீவிலிருந்து 1869இல் எடுத்துவந்த ஓர் எலும்புக்கூட்டை ல வெஸ்கோன்ட் என்ற அதிகாரியுடையது என்று தீர்மானித்து கிரீனிச்சில் நினைவுச் சின்னத்துக்கு அடியில் வைத்தார்கள். 2009இல் அதை வெளியே எடுத்துப் பரிசோதித்தபோது, அது ஹாரி கூட்சர் என்ற உதவி வைத்தியருடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. நூற்று முப்பது வருஷங்களுக்கு மேல் மரியாதை ஒருவருக்கு, எலும்பு மற்றொருவருடையது. மரியாதையில் ஏதாவது குறைந்ததா? கல்லும் குறையவில்லை, பிரார்த்தனையும் குறையவில்லை. அப்படியானால் மரியாதை செய்வதற்கும் அறிந்துகொள்வதற்கும் சம்பந்தமே இல்லையா?

சம்பந்தம் உண்டு என்றே நினைக்கிறேன். ஃபிட்ஸ்ஜேம்ஸின் தாடையெலும்பைப் பாருங்கள். அதில் கத்தியின் கீறல்கள் இருக்கின்றன. பசியில் கூட்டாளிகள் அவருடைய உடலை அறுத்துத் தின்றிருக்கிறார்கள். இது புதிய சேதியும் அல்ல. 1854இல் ஜான் ரே என்பவர் அங்கே வாழும் இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து இதைத்தான் லண்டனுக்குச் சொன்னார். லண்டன் கொதித்தது. ஆங்கிலேய மாலுமி அப்படிச் செய்யவே மாட்டான் என்றும், அந்தக் ‘காட்டுமிராண்டிகள்’தான் செய்திருப்பார்கள் என்றும் எழுதியவர் வேறு யாருமில்லை, சார்லஸ் டிக்கன்ஸ். ஏழைகளுக்காக அத்தனை கண்ணீர் விட்ட மனிதர். அவர் மரியாதை செய்தது செத்தவர்களுக்கு அல்ல, தன் மனத்தில் இருந்த ஆங்கிலேயனுக்கு. எலும்பு பேசியபோது இனுயிட்டுகள் சொன்னது சரியென்று ஆயிற்று. எரிபஸ் 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் கிடைத்தபோது, தேட வேண்டிய திசையும் அவர்களுடைய வாய்மொழியில் இருந்தது தெரிந்தது. எழுதிவைக்காத ஜனங்கள் நூற்றெழுபது வருஷம் ஒரு சேதியை வைத்திருந்தார்கள். எழுதப் படித்தவர்கள் அதைக் கேட்டுக்கொள்ள அவ்வளவு காலம் பிடித்தது.

டி.என்.ஏ. மட்டும் தனியாகப் பெயர் சொல்லாது. ஒப்பிட ஓர் உறவினன் வேண்டும். அவனைக் கண்டுபிடிக்க வம்சாவளி வேண்டும். அதை யாராவது எழுதிவைத்திருக்க வேண்டும். ஃபிட்ஸ்ஜேம்ஸ் விஷயத்தில் இது ஒரு விசித்திரத்தில் போய் நிற்கிறது. அவர் முறை தவறிப் பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவில் பெற்றோர் பெயர்கள் கற்பனை. தகப்பனார் கேம்பியர் என்ற பெரிய குடும்பத்துக்காரர். உயிரோடிருந்தவரைக்கும் தன் பெயரைத் தராத அந்தக் குடும்பத்தின் ரத்தம்தான் இன்று அவருடைய எலும்புக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. அந்தக் குடும்பம் பதிவேட்டில் இருந்ததால் காப்டன் கிடைத்தார். அவருடைய எலும்போடு கிடந்த மற்ற மாலுமிகளில் பலருக்குக் கொடிவழி எழுதிவைக்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள். விஞ்ஞானம் பாரபட்சம் பார்ப்பதில்லை. ஆனால் பதிவேடு பார்க்கிறது.

இதை நம் கரையில் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டு ஜனங்களைக் காப்பாற்றியது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசிச் சேதியும் ஓர் ஒலிபெருக்கியும். தெற்கே காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. நாகையிலும் வேளாங்கண்ணியிலும் பெரிய குழிகளில் கூட்டமாகப் புதைத்தார்கள். கொள்ளைநோய் வரும் என்ற பயம். (இப்படிச் சாகிறவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவாது என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம்.) அதே அலை தாய்லாந்தில் அடித்துப்போட்ட உடல்களைப் பல நாட்டு நிபுணர்கள் குளிரில் வைத்து, பல் வைத்தியரின் குறிப்பு, கைரேகை, டி.என்.ஏ. என்று மாதக்கணக்கில் உழைத்து ஊருக்கு அனுப்பினார்கள். செத்தவர்களில் பலர் ஐரோப்பிய உல்லாசப் பயணிகள். பல்லுக்குக்கூடப் பதிவேடு உள்ளவர்கள். எங்கள் பக்கம் அடையாளம் என்றால் அரைஞாண் கயிறு, கையில் குத்திய பச்சை, சட்டையின் நிறம். அதைச் சொல்லக்கூடியவளும் அலையில் போயிருந்தால், குழிதான்.

இந்த இடத்தில் நம்முடைய மரபைத் துணைக்கு அழைப்பவர்கள் உண்டு. நடுகல்லுக்கு அடியில் உடல் இருந்தாக வேண்டும் என்பதில்லை. தொல்காப்பியப் புறத்திணையியல் கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவதுவரை படிப்படியாகச் சொல்கிறது. எலும்பைத் தேடச் சொல்லவில்லை. உடல் கிடைக்காதவனுக்குத் தர்ப்பையால் உருவம் செய்து எரிக்கவும் சாஸ்திரம் வழி வைத்திருக்கிறது. அழகான ஏற்பாடுகள். ஆனால் கல் நட வேண்டுமானால் அவன் செத்தான் என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும். அந்த நிச்சயம்தானே இல்லை? 2017 நவம்பரில் ஒக்கிப் புயலில் போன குமரிக் கடற்கரைக்காரர்களின் வீடுகளில் கேட்டுப் பாருங்கள். காணாமற்போனவனைப் பற்றி ஏழு வருஷம் சேதியில்லை என்றால்தான் சட்டம் பொதுவாக அவனைச் செத்தவனாகக் கொள்ளும். அதுவரை அவள் மனைவியா, விதவையா? பொட்டை என்ன செய்வது, கடன்காரனுக்கு என்ன பதில், உதவித்தொகைப் படிவத்தில் எதை நிரப்புவது? அவளுக்கு ஓர் எலும்பின் பெயர் தத்துவ விசாரமல்ல. இருப்பவர்களின் திருப்திக்குத்தான் என்று லேசாகச் சொல்கிறோமே, அந்தத் திருப்தியில் அரிசியும் அடக்கம்.

நம் நாட்டுப் பனியும் இப்படிச் சிலரைத் திருப்பித் தந்திருக்கிறது. 1968 பிப்ரவரி 7 அன்று 102 பேருடன் ஓர் ராணுவ விமானம் ரோட்டாங் கணவாய்ப் பக்கம் மறைந்தது. 2003இல்தான் முதல் தடயம் கிடைத்தது. 2024 செப்டம்பரில் நான்கு உடல்கள் கிடைத்தன. ஒருவரை அடையாளம் காட்டியது அவரோடு கிடந்த ஒரு சீட்டு. மற்றொருவர் கேரளத்தில் இலந்தூரைச் சேர்ந்த தாமஸ் செரியன். போகும்போது வயது 22. ஐம்பத்தாறு வருஷம் கழித்து ராணுவ மரியாதையோடு ஊருக்கு வந்தார். பெற்றோர் இல்லை. சகோதரர்கள் இருந்தார்கள், கிழவர்களாக. சவப்பெட்டிக்குள் இருந்தவர் அவர்களுடைய பேரனின் வயதுக்காரர். அந்த 102 பேரில் பெரும்பாலோர் இன்னும் மேலேதான் இருக்கிறார்கள்.